கழுத்துப்பட்டிக்கு மேலே ஒரு சட்டை

1

போன கிழமை, உலர்த்தியிலிருந்து எடுத்த துவாய்களை மடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றேன். விளையாட்டுச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஒரு நகரத்துப் பேஸ்போல் கழகம் புதிய மனேஜரை வேலைக்கு எடுத்திருக்கிறதாம். ஒலிவாங்கிகள் அடுக்கிய மேசைக்குப் பின்னால் ஒரு வயதானவர் எழும்பி நின்றார். வெள்ளைச் சட்டை, நீலக் கழுத்துப்பட்டி. பக்கத்தில் நின்ற பெரிய அதிகாரி கழகத்தின் அணிச் சட்டையை விரித்துப் பிடிக்க, இவர் கழுத்துப்பட்டிக்கு மேலேயே அதைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினார். மேல் பொத்தானை மட்டும் பூட்டவில்லை. பிறகு தொப்பியை வைத்தார். படப்பிடிப்பாளர்களின் வெளிச்சம் பளீர் பளீரென்று அடித்தது.

தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆனாலும் அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் இந்த மொன்றியலில் அவருக்குச் சம்பளம் போட்டவள் நான்.

"இஞ்சரப்பா, ஓடி வாங்கோ, உங்கட ஆள் ரிவியில" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பிறகுதான் நினைவு வந்தது. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. என்னுடைய மனுசன் சவிரிமுத்து இந்த வருடம் சித்திரையில் செத்துப்போனார்.

துவாயைக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றேன். பேஸ்போலுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு என்று ஊரிலிருந்து இதை வாசிக்கிற நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கேளுங்கள், சொல்கிறேன்.

2

இந்த நாட்டுக்கு வந்து நான் செய்யாத வேலை இல்லை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் படிக்கட்டு கழுவினேன். ஒரு கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், மூக்குத் துடைத்தேன். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவள் என்று சொன்னால், "அது நல்லது மதாம்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை நீட்டுவார்கள். பிரெஞ்சு வகுப்புக்குப் போய், கணக்கியல் வகுப்புக்குப் போய், கடைசியில் எனக்குக் கிடைத்த நாற்காலி வேலை, நகரத்துப் பேஸ்போல் கழகத்தின் சம்பளப் பிரிவில். பச்சை வழித்தட மெத்ரோ ரயிலில் கிழக்கே போய் இறங்கவேண்டும்.

பேஸ்போல் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று நினைத்துக்கொண்டேன். முதல் மாதம் சம்பளப் பட்டியலைப் பார்த்தபோது, மனேஜர் என்ற பெயருக்கு நேரே கிடந்த தொகை பிழையாகத் தட்டச்சாகிவிட்டது என்று எண்ணி, மேலாளர் லிஸ் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் ஊர்க் கிரிக்கெட்டில் மனேஜர் என்றால் பயணச்சீட்டு எடுக்கிறவர், பைகளை எண்ணுகிறவர், சாப்பாட்டுக்குச் சொல்கிறவர். பை எண்ணுகிறவருக்கு இவ்வளவு காசா?

லிஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தா. பிறகு பொறுமையாகச் சொல்லித் தந்தா. இந்த விளையாட்டில் களத்தில் எல்லாவற்றையும் முடிவு செய்கிறவர் மனேஜர்தான். யார் எறிவது, யார் அடிப்பது, யாரை நடுவில் மாற்றுவது, எல்லாம் அவர் தலையில். பிரெஞ்சில் அவரை ஜெரான் என்பார்கள்; பிரெஞ்சுச் சம்பளப் பட்டியலில் அந்தச் சொல்தான் இருக்கும். அவரை வேலைக்கு எடுக்கிறவர், நீக்குகிறவர், வீரர்களை வாங்குகிறவர், விற்கிறவர் ஜெனரல் மனேஜர். அவர் மேலே அலுவலகத்தில் கோட்டு சூட்டோடு இருப்பார். ஜெரானோ கீழே, வீரர்கள் போடுகிற அதே உடுப்பில் இருப்பார்.

அந்தக் குளிர்காலமே புதிய ஜெரான் ஒருவரை எடுத்தார்கள். அலுவலகத்தில் எல்லாரையும் கீழ் மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கோப்பியும் கேக்கும் தந்தார்கள். அங்கேதான் முதன்முதலில் அந்தச் சடங்கைப் பார்த்தேன். ஜெனரல் மனேஜர் சட்டையை விரித்துப் பிடிக்க, வந்தவர் கழுத்துப்பட்டிக்கு மேலே போட்டுக்கொண்டார். சுற்றி நின்ற சனம் கை தட்டியது.

வீட்டுக்கு வந்து சவிரிமுத்துவிடம் சொன்னேன். மனுசன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

"பொன்னாடை போர்த்துற மாதிரியோ?"

"ஓம். ஆனா இது வேலைக்கு எடுக்கேக்க."

"அப்ப மனேஜரும் பொடியளின்ர உடுப்போ போடுறவர்?"

"ஓம்."

"அறுபது வயசில?"

"ஓமப்பா. வண்டி வயிறும் இருக்கு."

இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்றைக்கு இரண்டாம் தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

3

அவருடைய சந்தோசத்துக்குக் காரணம் உண்டு. கிழமை நாட்களில் அவர் கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் கட்டில் தள்ளுகிறவர். சனிக்கிழமையில் மட்டும் அவரும் மனேஜர். எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் சிறுவர் உதைபந்தாட்ட அணியைத் தொடங்கியவரே அவர்தான். கோடையில் வில்லரேக்குப் பக்கத்துப் பூங்காவில், குளிரில் ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கில் பழக்குவார். சம்பளம் கிடையாது. பந்துக்குக் காற்றடிப்பது முதல் தாய்மார் வேலைக்குப் போன பிள்ளைகளை வீட்டில் கொண்டுபோய் விடுவது வரைக்கும் அவர்தான்.

சட்டைக் கதை கேட்ட அடுத்த மாதம் தனக்கும் ஒன்று அடிப்பித்துக்கொண்டு வந்தார். பார்க்-எக்ஸ்டென்ஷனில் ஓர் அச்சுக் கடையில். உதைபந்தாட்டச் சட்டைக்கு ஊர் உலகத்தில் பொத்தான் கிடையாது. இவர் நின்று பிடிவாதம் பிடித்து, பேஸ்போல் சட்டை போல முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்து, அணியின் நிறத்தில், முதுகில் பெயரும் போட்டு வாங்கியிருந்தார். முழுப் பெயரும் அடங்காது என்று கடைக்காரன் சொன்னதால் "சவிரி" என்று மட்டும். எங்கள் மகள் நத்தாலி பார்த்துவிட்டு அறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தாள். நான் அவருக்கு முன்னாலேயே சிரித்தேன்.

"சிரியும், சிரியும்," என்றார். "பொடியள் போடுற உடுப்பை நானும் போட்டால்தான் நான் சொல்லுறது அவங்களுக்கு ஏறும்."

ஏறியதா என்பது வேறு கதை. கோட்டுக்கு வெளியே நின்று "பக்கத்தில குடடா! தூக்கி அடியாதை! ஆளைப் பாத்து நில்!" என்று தொண்டை கிழியக் கத்துவார். பிள்ளைகள் திரும்பிப் பார்த்து "க்வா?" என்பார்கள். என்ன என்று பிரெஞ்சில் கேட்கிறார்கள். நத்தாலி பக்கத்தில் நின்றால் மொழிபெயர்ப்பாள். அவள் பெரியவளாகி வருவதை நிறுத்திய பிறகு, இவர் தமிழோடு கையையும் காலையும் சேர்த்துக் கதைத்தார். வருடா வருடம் தமிழ் விளங்கிய பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். அதை அவர் கவனித்த மாதிரித் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

4

அந்த ஜெரானை எடுத்த இரண்டாம் கோடையில் கழகம் தோற்றது, தோற்றது, தோற்றுக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலை எங்கள் நடைபாதையால் ஜெனரல் மனேஜர் தனியே நடந்துபோய் மின்தூக்கியில் இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்த லிஸ் தட்டச்சை நிறுத்திவிட்டா.

"முடிந்தது," என்றா. "ஜெரானுக்கு வேலை போய்விட்டது என்று கீழே சொல்லப் போகிறார்."

"இவரே போய்ச் சொல்வாரா?"

"வேறு யார் சொல்வது? வேலைக்கு எடுத்தவர்தானே சொல்லவேண்டும். கதவைச் சாத்திவிட்டு, முன்னால் உட்கார்ந்து, முதலில் அவருக்கு. பிறகுதான் மற்ற எல்லாருக்கும்."

மத்தியானம் ஜெரானே என் மேசைக்கு வந்தார். பையில் கையை விட்டுச் சூரியகாந்தி விதை எடுத்துக் கொறித்துக்கொண்டு, ஃபுளோரிடா விலாசத்தைச் சொன்னார். சம்பளத்தை இனி அங்கே அனுப்பவேண்டுமாம். நான் விழித்தேன். ஒப்பந்தம் அடுத்த வருடம் வரைக்கும் இருக்கிறது, ஆகவே செய்யாத வேலைக்கும் எனக்கு நீ சம்பளம் அனுப்பத்தான் வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். லிஸ் தலையை ஆட்டி ஆமோதித்தா. ஒரே கதிரைக்கு இரண்டு பேருக்குச் சம்பளம், ஒருவருக்கு இருப்பதற்கு, மற்றவருக்கு எழும்பியதற்கு. அன்றைக்கு நான் படித்த கணக்கியல் இது.

வீட்டில் சொன்னபோது சம்பளப் பகுதி சவிரிமுத்துவின் காதில் ஏறவே இல்லை.

"பாவம் மனுசன். எங்க இருக்கிறார்?"

"டவுன்டவுனில, வாடகை வீட்டில."

"மனுசி, பிள்ளையள்?"

"அவையள் ஃபுளோரிடாவில. இவர் தனிய."

"தனியவோ? அப்ப நாளைக்கு ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவம்."

"இஞ்ச உப்பிடிப் போற வழக்கம் இல்லையப்பா."

"அவையளுக்கு இல்லை. எங்களுக்கு இருக்குத்தானே."

மறுத்துப் பிரயோசனம் இல்லை. நான் இறைச்சி ரோல்ஸ் பொரித்தேன். அவர் செத்தவீட்டுக்குப் போடுகிற கறுப்புக் காற்சட்டையும் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டார். நத்தாலி வர மாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாவால் தனக்கு வெட்கமாக இருக்கிறது என்று கதவுக்குப் பின்னாலிருந்து பிரெஞ்சில் சொன்னாள்.

கதவைத் திறந்த ஜெரான் வெறுங்காலோடு நின்றார். பின்னால் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. கொல்ஃப் மட்டைப் பை தயாராகச் சுவரில் சாய்ந்திருந்தது. சவிரிமுத்து அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்தபடி நின்றார். ஜெரான் பயந்துபோய் என்னைப் பார்த்தார்.

"யார் செத்தது?"

ஒருவரும் சாகவில்லை, எங்கள் ஊரில் ஒருவருக்கு இழப்பு என்றால் வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் கூட இருப்போம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினேன். அவருடைய சிரிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. எங்களை இருக்கச் சொல்லி, ரோல்ஸ் தட்டின் உறையைப் பிரித்தார். தன்னை இதற்கு முன்பும் கழகங்கள் அனுப்பியிருக்கின்றன, சம்பளம் எல்லாரும் அனுப்பினார்கள், சாப்பாட்டோடு ஒருவரும் வந்தது கிடையாது என்றார். உறைப்பில் மூக்கால் வடிந்தது. ஆனாலும் அடுத்ததை எடுத்தார்.

பிறகு சவிரிமுத்துவிடம் என்ன வேலை என்று கேட்டார். என்னுடைய மனுசன் ஆஸ்பத்திரியைச் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, "நானும் மனேஜர்" என்றார். உதைபந்தாட்டம், கோயில் பிள்ளைகள் என்று விபரமும் சொன்னார். ஜெரான் சிரிக்கவில்லை. தன் இனத்தானைக் கண்ட மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரித்தார்.

"எவ்வளவு தருகிறார்கள்?"

"ஒன்றும் இல்லை."

"ஒப்பந்தம்?"

"இல்லை. கோயில்."

ஜெரான் தொடையில் தட்டிச் சிரித்தார். அப்படியானால் நீ அதிர்ஷ்டசாலி, சம்பளமே தராதவர்களால் உன்னை வேலையை விட்டு நிறுத்தவும் முடியாது என்றார்.

திரும்பி வரும்போது மெத்ரோவில் சவிரிமுத்து கழுத்துப்பட்டியைத் தளர்த்தாமலே வந்தார். எங்கள் தரிப்பு வருவதற்குச் சற்று முன்பு என் பக்கம் சாய்ந்தார்.

"கேட்டனீரே? என்னை நிப்பாட்ட ஏலாதாம்."

5

அதன்பிறகு இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, நான் சம்பளம் போடுகிற நாளில், வீட்டுக்குள் கால் வைத்ததும் கேட்பார்: "என்ன, வீட்டில இருக்கிறவருக்கு அனுப்பியாச்சோ?" எங்கள் வீட்டில் அது ஒரு பகிடி ஆகிவிட்டது. விருந்தாளிகளுக்கும் சொல்வார். முடிக்கும்போது தன்னை ஒருவராலும் நிறுத்த முடியாது என்பதையும் சேர்த்துவிடுவார்.

பிறகு கழகமே போய்விட்டது. பார்வையாளர்கள் இல்லை, காசு இல்லை என்று அமெரிக்காவுக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய அதிகாரிகளில் சிலர் கூடவே போனார்கள். எனக்கும் லிஸுக்கும் நன்றிக் கடிதம் வந்தது. வேலையில்லாக் காப்புறுதி அலுவலகத்தில் வேலையை விட்டதற்கான காரணம் கேட்டார்கள். "கழகம் நாட்டை விட்டுப் போய்விட்டது" என்றேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டாள். நானும் சிரித்தேன். வாழ்க்கையில் நாட்டை விட்டு ஓடி வந்தவள் நான். என்னை வைத்து வேலை வாங்கியவர்கள் ஓடிப்போனது அதுதான் முதல் தடவை.

இப்போது ஒரு பல்மருத்துவப் பொருட்கள் விற்கிற இடத்தில் சம்பளம் போடுகிறேன். அங்கே ஒருவரும் சட்டை போர்த்துவதில்லை.

6

பேஸ்போல் கழகம் போன அடுத்த வருடம், பங்குத் திருநாள் விருந்து. கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், பூசை முடிந்து, சாப்பாட்டுக்கு முன்னால், சவிரிமுத்துவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். கோயில் விளையாட்டுக் கழகத்தின் பாராட்டு என்றார்கள். எங்களுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. கழகச் செயலாளர் றொபின் சரிகை போட்ட பொன்னாடையைப் போர்த்தினான். றொபின் யாரென்றால், சிறுவனாக இவரிடம் விளையாடி வளர்ந்தவன். கண்ணாடிக் கேடயம் ஒன்றும் கொடுத்தார்கள். தலைவர் பேசினார், முன்னாள் தலைவர் பேசினார். அண்ணையின் அர்ப்பணிப்பு என்றார்கள், தியாகம் என்றார்கள், அண்ணைக்கு இறைவன் நல்ல ஓய்வைத் தரவேண்டும் என்றார்கள். மேடையில் என்னுடைய மனுசனுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு.

எனக்கு அந்த "ஓய்வு" நெஞ்சில் குத்தியது. அந்த நேரம் பார்த்து இன்னொரு இளைஞனை மேடைக்கு அழைத்தார்கள். பயிற்சியாளர் சான்றிதழ் உள்ளவன், பிரெஞ்சு சரளம், இனிமேல் அணிக்கு "உதவியாக" இருப்பான் என்றார்கள். அவனுக்குப் பொன்னாடை இல்லை. புத்தம்புதுப் பயிற்சி உடுப்பும் விசிலும் கொடுத்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. அந்தப் பேஸ்போல்காரர் ஆளை எடுக்கும்போது போர்த்துகிறார்கள். நாங்கள் அனுப்பும்போது போர்த்துகிறோம்.

எங்கள் சனத்தைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். முகம் முறிக்கத் தெரியாதவர்கள். ஒருவர் இனி வேண்டாம் என்றால் அதை அவருக்குச் சொல்ல மாட்டோம். மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, புகழ்ந்து, அவராகவே விளங்கிக்கொள்ள விடுவோம். ஊரில் எத்தனை அதிபர்களை, எத்தனை சங்கத் தலைவர்களை இப்படி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்! அவர்களும் விளங்கிக்கொண்டு இருந்துவிடுவார்கள். சவிரிமுத்துவுக்கு விளங்கவில்லை. தன்னை நிறுத்தவே முடியாது என்று நம்பியிருந்த மனுசனுக்கு எப்படி விளங்கும்? வீட்டுக்கு வந்து பொன்னாடையைக் கழற்றாமல் கண்ணாடி பார்த்தார். "பாத்தீரே, இப்பவாவது கண்டுகொண்டினம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து றொபின் தொலைபேசி எடுத்தான். அவருக்கு இல்லை, எனக்கு.

"அக்கா, சனிக்கிழமை புதுக் கோச் தொடங்குறார். அண்ணை கிறவுண்டுக்கு வந்தாரெண்டால் ஒரு மாதிரி இருக்கும். நீங்கள் ஒருக்காப் பக்குவமாச் சொல்லுங்கோவன்."

"ஏன் தம்பி, நீங்கள் சொல்லலாமே?"

"எப்பிடி அக்கா முகத்துக்கு நேர சொல்லுறது? நான் அவரிட்டை விளையாடினனான். பிள்ளையளுக்கு அவரின்ர தமிழ் விளங்குதில்லை, தாய் தகப்பன்மார் குறை சொல்லினம். அவரில பிழை இல்லை அக்கா."

பிழை இல்லைத்தான். அதுதான் பிரச்சினையும்.

சனிக்கிழமை மத்தியானம். பொத்தான் வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, நடையில் குந்தியிருந்து பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அவரைக் குசினிக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன்.

"ஏன் கதவைச் சாத்துறீர்? வீட்டில ஆர் இருக்கினம்?"

நாற்காலியை இழுத்து அவருக்கு நேரே உட்கார்ந்தேன். வேலைக்கு எடுத்தவர்தான் சொல்லவேண்டும் என்று லிஸ் சொன்னது நினைவில் இருந்தது. இவரை அனுப்புகிறவர்கள் வரவில்லை. வேறு என்ன செய்வது?

"இஞ்சருங்கோ, இண்டைக்குக் கிறவுண்டுக்குப் போகவேண்டாம்."

"ஏன், மழையோ?"

"இல்லை. அவை புதுசா ஒரு கோச்சை எடுத்திட்டினம்."

"ஓம், அது எனக்கு உதவிக்கு."

"உதவிக்கு இல்லையப்பா. உங்கட இடத்துக்கு."

கையில் இருந்த காற்றுப் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அண்டைக்குப் போர்த்தினது?"

"அதுக்குத்தான்."

"ஆர் உமக்குச் சொன்னது?"

"றொபின் எடுத்தவன்."

"எனக்கு எடுக்கேல்லையோ?"

நான் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன்.

"சப்பாத்து நூல் கட்டத் தெரியாமல் வந்த பொடியன்," என்றார். "நான்தான் குந்தியிருந்து கட்டிவிடுறனான்."

பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் கோணிக்கொண்டது.

"அப்ப, மிச்ச ஒப்பந்தத்துக்கு எனக்கும் சம்பளம் அனுப்புவினமோ?"

எத்தனையோ பேருக்குச் சம்பளக் கணக்குப் பார்த்தவள் நான். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை.

கொஞ்ச நேரத்தில் எழும்பிப் பந்துப் பையைத் தோளில் போட்டார்.

"எங்க போறியள்?"

"சாமான்களைக் குடுக்கவேணும்தானே. அவை வந்து சொல்லேல்லை எண்டதுக்காக நானும் ஒளிச்சிருக்கிறதோ? குடுத்திட்டு வாறன்."

நானும் பின்னால் போனேன். பூங்காவில் அந்த இளைஞனிடம் பந்துகளையும் உள்ளரங்கக் கதவுத் திறப்பையும் கொடுத்தார். எந்தப் பிள்ளைக்கு இழுப்பு இருக்கிறது, எந்தப் பிள்ளையின் தாய் சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறவள், யாரை யார் வீட்டில் விடவேண்டும் என்று கை காட்டிச் சொன்னார். அவன் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டான். றொபின் தூரத்தில் வலை கட்டுகிற மாதிரி நின்றான். பிள்ளைகளில் சிலர் "போன்ஜூர், கோச்!" என்று கத்தினார்கள். இவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பினார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து அலுமாரியில் வைத்தார். திரும்பக் கொடுக்காத சாமான் அது ஒன்றுதான்.

7

பிறகு சனிக்கிழமைகளிலும் ஆஸ்பத்திரி வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். பூங்கா வழியாகப் போகிற பேருந்தை விட்டுச் சுற்றிப் போகிற பேருந்தில் போனார். றொபினின் கலியாணத்துக்குப் போய் வாழ்த்திச் சாப்பிட்டு வந்தார். ஏன் தம்பி நீ எனக்குச் சொல்லவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரும் எங்கள் ஆள்தானே. எனக்கு வருகிற கோபத்தில் நான் கேட்கவா என்றால், "விடும்" என்பார். சம்பளப் பகிடியை அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.

இந்தச் சித்திரையில் நெஞ்சு நோகுது என்று போனவர் திரும்பி வரவில்லை. அவர் வேலை செய்த ஆஸ்பத்திரிதான். கடைசியாக அவருடைய கட்டிலைத் தள்ளியவர் அவரோடு வேலை செய்த ஒரு ஹெயிட்டி நாட்டுக்காரர். தள்ளி முடித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அன்றைக்குப் பின்னேரம் றொபின் எடுத்தான்.

"அக்கா, கழகத்தின்ர சார்பில அண்ணைக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்யப்போறம்."

"வேண்டாம் தம்பி."

"ஏனக்கா?"

"நீங்கள் ஒருக்காப் போர்த்தினதே காணும், போதும்."

மறுபக்கத்தில் விம்மல் கேட்டது. என்ன இருந்தாலும் நான் சோறு போட்ட பிள்ளை.

"அழாதை தம்பி. நீ வா. வெறுங்கையோட வா."

மகள் நத்தாலி கியூபெக் நகரத்திலிருந்து வந்தாள். அவளுக்கு அங்கே வேலை, அங்கே வாழ்க்கை. தமிழ் விளங்கும், பேசத்தான் சரியாக வாய் வராது. மலர்ச்சாலைக்குக் கொடுக்கவேண்டிய உடுப்பை நானும் அவளும் எடுத்து வைத்தோம். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, கறுப்புக் கோட்டு. நான் கோட்டைத் திரும்பவும் கொழுவிவிட்டு, மடித்து வைத்திருந்த பொத்தான் சட்டையை எடுத்துப் பையில் வைத்தேன்.

"அம்மா, ரைக்கு மேலயா?" என்று கழுத்துப்பட்டியைக் காட்டிக் கேட்டாள். "ஆக்கள் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சட்டையை வெளியே எடுத்து, மடிப்பு விழுந்த இடங்களை ஸ்திரிக்கைப் பெட்டியால் தேய்த்தாள். முதுகில் இருந்த பெயரைத் தேய்க்கும்போது எழுத்து உருகிவிடாமல் ஒரு துணியை விரித்துக்கொண்டாள்.

மலர்ச்சாலையில் எங்கள் பையை வாங்கியவர் வயதான கியூபெக்காரர், பருத்த உடம்பு, மெல்லிய குரல். ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். கோட்டைத் தேடினார். உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரையும் பொத்தான்களையும் மாறி மாறிப் பார்த்தார். நத்தாலி பிரெஞ்சில் விளங்கப்படுத்தத் தொடங்கினாள். அப்பா, சனிக்கிழமை, பிள்ளைகள் என்று ஏதேதோ சொன்னாள். கழுத்துப்பட்டிக்கு மேலே என்று சொல்லி, தன் நெஞ்சில் பொத்தான் பூட்டுகிற மாதிரி விரலால் காட்டினாள்.

அவர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"ஆ," என்றார். "ஒரு ஜெரான் மாதிரி."

மகள் எனக்கு மொழிபெயர்க்கத் திரும்பினாள். தேவையில்லை என்று தலையை ஆட்டினேன். அந்தச் சொல்லுக்கு நேரே எத்தனை தடவை தொகை எழுதியிருப்பேன்.

அவர் வெள்ளைச் சட்டையைக் கழுத்துப்பட்டியோடு மேசையில் விரித்து, அதன்மேல் என்னுடைய மனுசனின் சட்டையை வைத்துச் சரி பார்த்தார். கீழே இருந்து ஒவ்வொரு பொத்தானாகப் பூட்டிக்கொண்டு வந்தார். கழுத்தடிக்கு வந்தார்.

"மேல் பொத்தானைப் பூட்டவேண்டாம், ரை தெரியவேணும்," என்றேன். அவசரத்தில் தமிழில் சொல்லிவிட்டேன்.

அவர் ஏற்கெனவே கையை எடுத்திருந்தார்.